மேற்கே தெரிந்த வேல்

என்ன அண்ணாச்சி, சொட்டு மருந்து விட்டுட்டாங்களா? எரியத்தான் செய்யும். கண்ணை மூடிக்கிடுங்க. கண்ணு பாப்பா விரிஞ்சு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அது வரைக்கும் பேப்பர் படிக்க முடியாது, போன் பாக்க முடியாது, எந்திரிச்சு நடமாடவும் சிஸ்டர் விட மாட்டாங்க. பேசலாம், இல்லன்னா அடுத்தவன் பேசுறதைக் கேக்கலாம். உங்களைப் பாத்தா கேக்குற ஆளு மாதிரி இருக்கு. எனக்கு வசதியாப் போச்சு.

வலிக்குமான்னு கேட்டீங்கள்லா? எனக்கு இது ரெண்டாவது கண்ணு. வலது கண்ணை ஆனி மாசமே முடிச்சாச்சு. வலி ஒண்ணும் கிடையாது. இதுல ஆபரேஷன்தான் ரொம்பச் சுலபம். இந்தப் பெஞ்சில வந்து உக்காருறதுக்கு முன்னாடி நான் பட்ட பாடு இருக்கே, அதுக்குத்தான் மரத்துப்போற ஊசி எதுவும் கிடையாது.

என் பேரு சங்கரலிங்கம். சங்கரன்கோவிலுக்கு மேக்க சின்ன ஊரு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். பதினோரு வருஷம் ஆச்சு. நான் அதிகம் பேசுற ஆள் கிடையாது, சுருக்கமாவே சொல்லிருதேன்.

ரிட்டயர் ஆனதும் ஆளாளுக்கு ஒண்ணு செய்வாங்க. ஒருத்தர் காசிக்குப் போவாரு, ஒருத்தர் ஆடு வளப்பாரு. நான் ஒரு டெலஸ்கோப் வாங்கினேன். நாலடி நீளக் குழாய். மரப்பெட்டி மேல பீரங்கி மாதிரி உக்காந்திருக்கும். மோட்டார் எல்லாம் கிடையாது, கையால தள்ளித்தான் திருப்பணும். பூமி சுத்திக்கிட்டே இருக்குல்லா, அதனால ஒரு நட்சத்திரத்தைப் பிடிச்சு வெச்சாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல நழுவிரும். யாராவது பக்கத்துல நின்னு லேசா தள்ளிக்கிட்டே இருக்கணும்.

கையோட ஒரு மன்றமும் ஆரம்பிச்சேன். விண்மீன் மன்றம். தலைவர் நான், செயலாளர் நான். மாசா மாசம் அமாவாசையை ஒட்டின சனிக்கிழமை, பொழுது அடைஞ்சதும் எங்க ஊரு ஸ்கூல் மைதானத்துல குழாயை வெச்சு ஜனங்களுக்கு வானம் காட்டுவோம். மைக் உண்டு. மைக் இல்லாம வானத்தைக் காட்ட முடியாதான்னு கேக்காதீங்க. என் பொஞ்சாதி அதைக் கேட்டுட்டா, முதல் வருஷமே.

மத்தவன் எல்லாம் நிலாவைக் காட்டுவான், சனி வளையத்தைக் காட்டுவான். எனக்கு நட்சத்திரக் கூட்டம்தான். ஒரே மேகத்துல ஒண்ணாப் பிறந்து, இன்னும் பிரிஞ்சு போகாம சேர்ந்தே திரியுற நட்சத்திரங்க. தை மாசம் பொழுதடைஞ்சதும் தலைக்கு மேல கார்த்திகை. அதுக்குப் பக்கத்துல ரோகிணிக் கூட்டம். பங்குனியில பூசம். வைகாசி ஆனியில தேளோட வால் பக்கத்துல ரெண்டு கூட்டம். எல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும், பஞ்சை விட்டெறிஞ்ச மாதிரி. குழாய் வழியாப் பாத்தா ஆளுக்கு மூச்சு நின்னுரும்.

கார்த்திகையைச் சும்மா பாத்தா ஆறு தெரியும். நல்ல கண்ணுன்னா ஏழு. நான் மைக்ல, 'எனக்கு ஒன்பது தெரியுது'ம்பேன். அது பொய் இல்ல அண்ணாச்சி. முப்பது வயசுல டெலிபோன் கம்பத்து மேல உக்காந்து ஒன்பது எண்ணியிருக்கேன். அதுக்கப்புறம் அந்தக் கணக்கைச் சரி பாக்கல, அவ்வளவுதான்.

நாலஞ்சு வருஷத்துக்கு முந்தி வானம் கொஞ்சம் கொஞ்சமா மங்கிக்கிட்டு வந்துச்சு. வானம்தான் மங்குதுன்னு நான் நினைச்சேன். என் கண்ணுன்னு தோணவே இல்ல. கம்பத்துல ஏறி ஒன்பது எண்ணின கண்ணுல்லா! ஊருக்குள்ள தெருவிளக்கு கூடிப்போச்சு, அதான் நட்சத்திரம் எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு முடிவு பண்ணி பஞ்சாயத்துக்கு மூணு மனு போட்டேன். மூணாவது மனுவுல 'வருங்காலச் சந்ததி நம்மை மன்னிக்காது'ன்னு ஒரு வரி. பிரசிடெண்ட் நல்ல மனுசன், எங்க தெரு முக்கு விளக்கை மட்டும் அணைச்சு வெச்சாரு. மூணாம் நாளு அந்த முக்குச் சாக்கடையில விழுந்தது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

என் பொஞ்சாதி பேரு ஆவுடையம்மாள். இப்ப அங்க கவுண்டர்ல நிக்கால்லா, பச்சைச் சேலை, அவதான். பாரம் நிரப்புறது, கையெழுத்து வாங்குறது, டாக்டர்கிட்ட கேக்க வேண்டியதைக் கேக்குறது, இந்த வேலை எல்லாம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். நான் தலையிடுறதில்ல.

மன்றத்துலயும் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். குழாய்க்குக் காவல். சின்னப் பிள்ளைங்க வரிசையில வந்து இடிச்சிரும்லா, அதனால பக்கத்துலயே நின்னு பாத்துக்கிடணும். நான் மைக்கைப் பிடிச்சு ஜனங்களைப் பாத்துப் பேசுவேன், குழாய் எனக்கு முதுகுப் பக்கம் இருக்கும். திரும்பிப் பாத்தா இவ கை குழாய் மேலயே இருக்கும். "ஏளா, தொடாதேன்னு எத்தனை தடவை சொல்ல? நான் கஷ்டப்பட்டுக் குறி வெச்சிருக்கேன்"னு மைக்லயே சத்தம் போடுவேன். ஜனங்க சிரிக்கும். அவளும் சிரிப்பா. கையை எடுத்துருவா. நான் அந்தப் பக்கம் திரும்பினதும் என்ன செஞ்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் முதுகுல கண்ணு இல்லையே. முன்னாடி இருந்ததும் சரியில்லங்கிறது தனிக் கதை.

போன வருஷம் தை மாசக் கூட்டம் பிரமாதம். நூறு பேருக்கு மேல வந்தாங்க. கார்த்திகையைப் பாத்துட்டு ஒவ்வொருத்தரும், "ஏ யம்மா, வைரத்தைக் கொட்டின மாதிரியில்ல இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் அன்னைக்கு வீட்டுக்கு நடந்து வரலை. மிதந்து வந்தேன்.

மாசியில எங்க மக இசக்கியம்மாளுக்கு ரெண்டாவது பிரசவம். கோயம்புத்தூர். ஆவுடை மூணு மாசம் கூட இருந்துட்டு வாரேன்னு கிளம்பிட்டா. போகும்போது ஒரு மாதிரி நின்னு, "நான் இல்லாத நேரம் மன்றத்தை நிறுத்தி வைங்களேன். வந்து பாத்துக்கிடலாம்"ன்னா. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. "நீ இல்லன்னா நட்சத்திரம் உதிக்காதா?"ன்னு கேட்டேன். பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிட்டா.

பங்குனிக் கூட்டம். பூசம் காட்டுறதா அறிவிப்பு. குழாயைக் கிழக்க தூக்கி, நானே கண்ணை வெச்சுப் பாத்தேன். மஞ்சளா, புகையா, ஏதோ பரவலாத் தெரிஞ்சுது. பூசக் கூட்டம் அப்படித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும்லா, அதனால அதுதான்னு முடிவு பண்ணிட்டு மைக்கை எடுத்தேன். முதல் ஆளு பாத்தாரு. "சார், ஒண்ணும் தெரியலையே"ன்னாரு. அடுத்த ஆளு, "கருப்பா இருக்கு." மூணாவது ஆளு பாவம், மரியாதைக்கு "ஆமா ஆமா"ன்னு நகர்ந்துட்டாரு. நான் அவரைத்தான் பாராட்டினேன்.

அந்த ஸ்கூல்ல ரஹ்மத்னு ஒரு சயின்ஸ் டீச்சர். முப்பது வயசு இருக்கும். மாசம் தவறாம அவங்க கிளாஸ் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வருவாங்க. எங்க மன்றத்துக்கு உண்மையான உறுப்பினர்னு சொன்னா அவங்க ஒருத்தர்தான். அவங்க வந்து பாத்துட்டு, ரகசியமா என் காதுகிட்ட, "சார், குழாய் கொஞ்சம் வடக்க தள்ளி நிக்கிற மாதிரி இருக்கு. நான் திருப்பட்டுமா?"ன்னாங்க.

நான் என்ன செய்யணும்? 'சரிம்மா'ன்னு விலகியிருக்கணும். நான் மைக்ல சொன்னேன்: "டீச்சருக்குத் தெரியலையாம்! டீச்சர், நீங்க முதல்ல ஒரு நல்ல கண்ணாஸ்பத்திரியில கண்ணைக் காட்டுங்க."

அவங்க பிள்ளைங்க நாப்பது பேரு முன்னாடி. சில பிள்ளைங்க சிரிச்சிருச்சு. டீச்சர் பிள்ளைங்களை வரிசையா நிறுத்திக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அன்னைக்கு உறுத்தல் ஒண்ணும் இல்ல, நிசத்தைச் சொல்லிருதேன். நல்ல பதில் கொடுத்தோம்னு நினைச்சுக்கிட்டுத்தான் தூங்கினேன்.

இருங்க, சிஸ்டர் வாராங்க. அடுத்த சொட்டு. விடுங்கம்மா... ஆங், ஆச்சு. துடைச்சுக்கிடுங்க அண்ணாச்சி, இந்தாங்க பஞ்சு.

சித்திரைக் கூட்டம்தான் என்னைக் கவுத்தது. சித்திரையில கார்த்திகைக் கூட்டம் மேற்கே தாழ இறங்கிரும். பொழுதடைஞ்சு ஒரு மணி நேரம் தெரியும், அப்புறம் மறைஞ்சிரும். சில நாள்ல அதுவும் கிடையாது, ஒரு மாசம் கழிச்சு விடியக்காலம் கிழக்கேதான் பாக்கலாம். அதனால 'கார்த்திகைக்கு வழியனுப்பு விழா'ன்னு நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் கொடுத்தேன்.

எங்க ஊருக்கு மேக்க ரெண்டு கிலோமீட்டர்ல ஒரு குன்று. உச்சியில முருகன் கோயில். சித்திரையில அங்க திருவிழா. இது எனக்குத் தெரியாதான்னா, தெரியும். பொறந்ததுல இருந்து அந்த ஊருதான். ஆனா அன்னைக்கு சாயங்காலம் ஏழேகாலுக்கு மேற்கே பாத்தேன். தாழ, மங்கலா, கூட்டமா ஒரு வெளிச்சம். லேசா மினுமினுன்னுச்சு. நட்சத்திரம்னா மினுங்கத்தானே செய்யும்? எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். 'பாரு, விளக்கை அணைச்சதும் வானம் எப்படி தெளிஞ்சிருச்சு!'ன்னு நினைச்சேன். குழாயை அதுக்கு நேரா இறக்கி, கண்ணை வெச்சு, பளிச்சுன்னு ஏதோ தெரிஞ்சதும் மைக்கைக் கையில எடுத்துட்டேன்.

முதல்ல வந்தது பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிற பேச்சியம்மா. குனிஞ்சு பாத்தா. நிமிரவே இல்ல. அப்புறம் "முருகா!"ன்னு ஒரு சத்தம். கையெடுத்துக் கும்பிட்டு, "அய்யா, நட்சத்திரத்துக்குள்ள வேல் தெரியுது அய்யா"ன்னா.

நான் என்ன நினைச்சேன் தெரியுமா? கார்த்திகைப் பெண்கள் ஆறு பேரும் முருகனை வளர்த்த கதையை அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடிதான் மைக்ல சொல்லியிருந்தேன். என் பேச்சோட உருக்கம்தான் அந்த அம்மாளுக்குக் காட்சியாத் தெரியுதுன்னு நினைச்சேன்! பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி, அதை இப்பவும் சொல்லுவேன்.

அடுத்த ஆளு. "ஆமா, வேல்தான். ஆனா தலைகீழா இருக்கு." உடனே நான், "இந்தக் கண்ணாடியில எல்லாமே தலைகீழாத்தான் தெரியும்"னு விளக்கம் கொடுத்தேன். அந்த விளக்கம் மட்டும் அன்னைக்குச் சரி. மூணாவது ஆளு செருப்பைக் கழட்டிட்டு வந்தாரு. அதுக்கப்புறம் எல்லாரும் செருப்பைக் கழட்டினாங்க. ஆளாளுக்குப் போனைப் போட்டு வீட்டுல இருந்தவங்களை வரச் சொன்னாங்க. யாரோ கற்பூரம் வாங்க ஓடினாங்க. கால் மணி நேரத்துல மைதானம் நிறைஞ்சிருச்சு. பிரசிடெண்ட் வந்துட்டாரு. நான் அசரல. "அறிவியலும் ஆன்மிகமும் ஒரே குழாயில் சங்கமிக்கும் நேரம் இது"ன்னு மைக்ல சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்.

அப்ப ரஹ்மத் டீச்சர் வந்தாங்க. அவங்க வந்தது எனக்காக இல்ல, அவங்க பிள்ளைங்க சில பேரு கூட்டத்துல இருந்ததுங்க, அதுக்காக. குழாய்கிட்ட வந்து குனிஞ்சு பாத்தாங்க. தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் என் பக்கத்துல வந்து, மெதுவா, "சார், மைக்கை ஆப் பண்ணிட்டு ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வாங்க"ன்னாங்க.

அந்தப் பிள்ளை என்னைக் காப்பாத்த வந்துச்சு, பாத்துக்கிடுங்க. நான் விட்டனா? பங்குனியில தோத்தவங்க இன்னைக்கு ஒத்துக்கிட வந்திருக்காங்கன்னு நினைச்சேன். "என்ன டீச்சர், இன்னைக்காவது தெரிஞ்சுதா? என்ன தெரியுதுன்னு சத்தமாச் சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்!"னு மைக்கை அவங்க வாய்க்கு நேரா நீட்டினேன்.

"வேண்டாம் சார்."

"சும்மா சொல்லுங்க டீச்சர்!"

பக்கத்துல பிள்ளைங்க நிக்குதுங்க. அவங்க என்ன செய்வாங்க? ஒரு பெருமூச்சு விட்டுட்டுச் சொன்னாங்க: "வேல் தெரியுது சார். அதுக்குக் கீழ 'உபயம்: செந்தூர்பாண்டி இரும்புக்கடை'ன்னு எழுதியிருக்கு. செல் நம்பரும் இருக்கு."

மைக்ல அண்ணாச்சி. நாலு பக்கமும் ஸ்பீக்கர்.

 கூட்டத்துக்கு நடுவுல இருந்து செந்தூர்பாண்டி கத்துறாரு, "அட, நம்ம போர்டா? இம்புட்டு தூரத்துக்கா தெரியுது!" அவ்வளவுதான், சிரிப்பு கிளம்புச்சு பாருங்க. பேச்சியம்மா கூடச் சிரிச்சா. கோயில் திருவிழாவுக்கு சீரியல் லைட்டுல பெரிய வேல் கட்டியிருக்காங்க. அதைத்தான் நான் நானூறு ஒளி ஆண்டு தூரத்துல இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். கார்த்திகைக் கூட்டம் அதுக்கு மேல, கொஞ்சம் உசரத்துல, அது பாட்டுக்கு இருந்திருக்கு. கூட்டத்துல முக்காவாசிப் பேரு அதை வெறும் கண்ணால பாத்துட்டாங்களாம். சார் குழாயில வேற ஏதோ விசேஷமாக் காட்டுறாருன்னு நினைச்சிருக்காங்க.

குழாயை அப்படியே விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். யாரும் கூப்பிடல. கூப்பிட்டிருந்தாலும் சிரிப்புச் சத்தத்துல கேட்டிருக்காது.

மறுநாள் சாயங்காலம் ரஹ்மத் டீச்சர் ஒரு ஆட்டோவுல குழாயை ஏத்திக்கிட்டு வந்தாங்க. பெட்டியோட, துணி சுத்தி, பத்திரமா. நான் உள்ளயே நின்னேன். அவங்களாத்தான் பேசினாங்க. "சார், நான் நேத்து அப்படிச் சொல்லணும்னு வரல."

"விடுங்கம்மா. குழாயில ஏதோ கோளாறு. தை மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவங்க பெட்டி மேல சுத்தியிருந்த துணியை அவுத்தாங்க. அப்புறம், "தை மாசம் அம்மா இருந்தாங்கள்லா சார்"ன்னாங்க.

"அதுக்கு?"

"அம்மா திருப்பி வெச்சிருவாங்க. நீங்க குறி வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பினதும் அம்மா ஒரு தடவை கண்ணை வெச்சுப் பாத்து, சரியா நிறுத்துவாங்க. ஒவ்வொரு ஆளுக்கும் திருப்பிக் கொடுப்பாங்க. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் சார்."

அண்ணாச்சி, முந்தின நாளு முன்னூறு பேரு சிரிச்சப்ப நான் நிமிர்ந்துதான் நடந்து வந்தேன். இதைக் கேட்டதும் நாற்காலியைத் தேடி உக்காந்தேன். டீச்சர் தண்ணி எடுத்துட்டு வந்து கொடுத்தாங்க. என் வீட்டுல, எனக்கு.

அவங்க போனதும் கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். பின்னாடி பச்சைப்பிள்ளை அழுதுக்கிட்டு இருக்கு.

"ஏளா, நீயா குழாயைத் திருப்பின?"

 பிள்ளையைத் தோள்ல போட்டுத் தட்டுற சத்தம் கேட்டுச்சு.

"யாரு சொன்னா?"ன்னா.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். மூணு கூட இருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும், எது எங்க இருக்குன்னு?"

"நீங்கதான் மாசா மாசம் மைக்ல சொல்லுதீங்களே. அதையே எத்தனை வருஷம் கேட்டிருக்கேன்! அப்புறம் உங்க புத்தகம் மேசையில கிடக்கும்லா, துணி எடுக்க மாடிக்குப் போகும்போது கொண்டுபோய் வானத்தோட ஒத்து வெச்சுப் பாப்பேன். நீங்க ஒண்ணு தப்பாச் சொல்லுதீங்க. ரோகிணி அந்தக் கூட்டத்துல சேர்த்தி இல்லையாம். அது நமக்குக் கிட்ட தனியா நிக்கிதாம், பாக்கத்தான் சேந்தாப்ல தெரியுதாம். புத்தகத்துல போட்டிருக்கு."

எட்டாங்கிளாஸ் படிச்சவ. எனக்குச் சொல்லுதா. சரியாச் சொல்லுதா, அதுதான் வயித்தெரிச்சல். நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்ல.

"ஏன் என்கிட்ட சொல்லல?"ன்னு கேட்டேன். என்ன பதிலை எதிர்பாத்தேன்னு இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு. 'நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்'னு சொல்லுவான்னு நினைச்சேன். உங்க கௌரவம், அது இதுன்னு. அவ சொல்லுதா, "சொன்னா மன்றத்தை நிறுத்திருவீங்க. நிறுத்திட்டா நான் எங்க போயிப் பாக்க?"

எனக்குச் சட்டுன்னு புரியல.

"எனக்கும் பாக்கணும்லா"ன்னா.

பதினோரு வருஷம் அண்ணாச்சி. ஊருல ஒரு ஆளு பாக்கி இல்லாம கூப்பிட்டுக் காட்டியிருக்கேன். போஸ்ட்மேன், பால்காரர், கறிக்கடை பாய், ஜோசியம் பாக்க வந்த ஆளு. பக்கத்துல நின்னவளை, 'நீ ஒரு தடவை பாரு'ன்னு சொன்னதே இல்ல. ஏன் சொல்லலைன்னா, தோணல. வேற காரணம் சொல்லலாம்னு ரொம்ப நாளாத் தேடிக்கிட்டு இருக்கேன். கிடைக்கல.

அவ கடைசியா ஒண்ணு சொன்னா. "கண்ணைக் காட்டிட்டு எனக்குப் போன் பண்ணுங்க. அது வரைக்கும் நான் வரலை." போனை வெச்சுட்டா.

நான் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினேனான்னா, இல்ல. கண்ணுக்குள்ள ஊசி விடுவாங்கன்னு யாரோ சொன்னதைக் கேட்டு எனக்குக் குலை நடுக்கம். முதல்ல டீச்சர்கிட்ட மன்னிப்பு கேட்டுருவோம், அதுவே பெரிய காரியம், அதைச் செஞ்சா ஆவுடை மனசு இறங்கிருவான்னு ஒரு கணக்குப் போட்டேன். ஜூன்ல ஸ்கூல் திறந்ததும், சாயங்காலம் விடுற நேரமாப் பாத்துப் போனேன். வாசல் கேட்டுப் பக்கத்துல வேப்பமர நிழல்ல டீச்சர் நின்னுக்கிட்டு இருந்தாங்க. நேராப் போய், தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஆரம்பிச்சேன். பிள்ளைங்க முன்னாடி அவமானப்படுத்தினது, உதவ வந்தவங்களை மைக்கை நீட்டி மாட்டிவிட்டது, என் அகம்பாவம், ஒண்ணு விடல. பத்து நிமிஷம். வாழ்நாள்ல நான் யாருகிட்டயும் அப்படிக் கேட்டதில்ல. கடைசியில குரல் கூட உடைஞ்சிருச்சு.

அவங்க எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாங்க. முடிஞ்சதும், "சார், மனசுல உள்ளதைக் கொட்டிட்டீங்க, நல்லது. ஆனா நான் தையல் டீச்சர். ரஹ்மத் டீச்சர் மாடியில பேப்பர் திருத்திக்கிட்டு இருக்காங்க. கூப்பிடட்டுமா?"ன்னாங்க.

மேல போனேன். ரஹ்மத் டீச்சர்கிட்ட, "அம்மா, நான் மன்னிப்பு கேக்க வந்தேன். கேட்டும் முடிச்சுட்டேன். கீழ தையல் டீச்சர்கிட்ட கேட்டு வாங்கிக்கிடுங்க"ன்னேன். அந்தப் பிள்ளை சிரிச்சு சிரிச்சு மேசையில கவுந்துருச்சு. நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சதும் டீச்சர் தன் போனை எடுத்து இந்த ஆஸ்பத்திரிக்கு நம்பர் போட்டு, எனக்கு நாள் வாங்கிக் கொடுத்தாங்க. நான் ஆவுடைக்குப் போன்ல சொன்னேன். பத்தாம் நாளு அவ கோயம்புத்தூர்ல இருந்து நேரா இங்க வந்து, இதே பெஞ்சில உக்காந்திருந்தா. 'வந்துட்டீங்களா?'ன்னா. வேற ஒண்ணும் கேக்கல.

வலது கண்ணு முடிஞ்சதும் கட்டுப் பிரிச்சு முதல்ல நான் பாத்தது அவ முகம். நல்லா வயசாகியிருந்துச்சு. அதைச் சொல்லிட்டேன் வேற. டாக்டர் சிரிச்சிட்டாரு. அவ, "உங்களுக்கு வீட்டுல ஒரு கண்ணாடி இருக்கு, போய் அதைப் பாருங்க"ன்னா.

அப்புறம் ஆறு மாசம் நான் குழாய் பக்கமே போகல. முதல்ல டாக்டர் சொல்லியிருக்காருன்னேன். அப்புறம் ஐப்பசி கார்த்திகையில அடைமழை, வானமே இல்லன்னேன். மார்கழியில பனி ஒத்துக்கிடாதுன்னேன். நிசம் என்னன்னா, அந்த மைதானத்துல போய் நிக்கப் பயம். மன்றம் பாட்டுக்கு நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. மைக்கு ரஹ்மத் டீச்சர், குழாய் ஆவுடை. நான்தான் ரெண்டு பேருக்கும் பொறுப்பை ஒப்படைச்சேன்... இல்ல, இல்ல. அவங்களா எடுத்துக்கிட்டாங்க. என்னை யாரும் கேக்கல.

அண்ணாச்சி, கவுண்டர்ல உங்க பேரைத்தான் கூப்பிடுதாங்க போல. இருங்க, இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க உங்களுக்கு முன்னாடி. முடிச்சிருதேன்.

போன சனிக்கிழமை தை அமாவாசைக்கு மறுநாள். நான் போனேன். யாருகிட்டயும் சொல்லல. ஆவுடை முன்னாடியே போயிட்டா. நான் பின்னால போய் வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி இருவது பேரு இருப்பாங்க. சில பேரு திரும்பிப் பாத்துச் சிரிச்சாங்க. செந்தூர்பாண்டி, "என்ன சார், நம்ம கடை போர்டு தெரியுதான்னு பாக்க வந்தீங்களா?"ன்னாரு. "ஆமா, இந்த வருஷம் நம்பரை மாத்திட்டீங்களாமே"ன்னேன். சிரிப்பு ஒரு சுத்து போயி அடங்குச்சு. அவ்வளவுதான், அதுக்கா ஆறு மாசம் பயந்தேன்னு இருந்துச்சு.

என் முறை வந்தது. இருட்டுல ஆவுடைக்கு நான்னு தெரிஞ்சுதா இல்லையான்னு தெரியல. குழாயை லேசா ஒரு தள்ளு தள்ளி, "ம், பாருங்க"ன்னா, எல்லாருக்கும் சொல்லுற மாதிரி. செருப்பைக் கழட்டிட்டு, குனிஞ்சு வலது கண்ணை வெச்சேன்.

நீலம் அண்ணாச்சி.

எப்படிச் சொல்லுதது? கேஸ் அடுப்பைச் சிம்மில வெச்சா ஓரத்துல ஒரு நீலம் வரும்லா, அந்த நீலம். அது ஒண்ணு ரெண்டு இல்ல. பெருசா ஏழெட்டு, அதுக்கு இடையில பொடிப்பொடியா, அதுக்கும் இடையில இன்னும் பொடியா. 'இளநீல நட்சத்திரங்கள்'னு நான் பதினோரு வருஷம் மைக்ல சொல்லியிருக்கேன். புத்தகத்துல இருக்கு, சொல்லிட்டேன். புரை விழுந்த கண்ணுல எல்லாமே மஞ்சளாத்தான் தெரியும், மங்குறதுக்கு ரொம்ப முந்தியே மஞ்சள் ஏறிரும்னு இங்க டாக்டர் சொன்னாரு. மஞ்சளைப் பாத்துக்கிட்டே நீலம்னு சொல்லியிருக்கேன், ஒரு நாள் கூடச் சந்தேகம் வரல. பக்கத்துல நின்னவ அவ்வளவு நாளும் இந்த நீலத்தைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. ஒரு வார்த்தை பேசாம.

ஏதாவது பேசணும்னு நினைச்சேன். எனக்குப் பேச வரல. நீங்க நம்ப மாட்டீங்க, என்னைப் பாத்த ஒரு மணி நேரத்துல. ஆனா வரல. கண்ணுல தண்ணி வேற கோத்துக்கிட்டு, நட்சத்திரம் எல்லாம் கலங்கிப் போச்சு. துடைச்சுட்டு மறுபடியும் வெச்சேன். அதுக்குள்ள அது ஓரத்துக்கு நழுவியிருந்துச்சு. ஒரு கை வந்து குழாயைத் தொட்டுச்சு. கூட்டம் அப்படியே நடுவுக்கு வந்து நின்னுச்சு.

பின்னாடி ஆளுங்க முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க. ஆவுடை என் தோளைத் தொட்டு, "பாத்தாச்சுன்னா நகருங்க. பின்னாடி எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க"ன்னா.

நகர்ந்துட்டேன் அண்ணாச்சி. செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டு, வரிசைக்குக் கடைசியில போய் மறுபடியும் நின்னேன்.